பாராட்டு கொண்டுபோனவை

வாரப் பத்திரிகை ஒன்று பாடகன் முகாரியின் குரலில் இருக்கும் துக்கத்தைப் புகழ்ந்து எழுதிய வியாழக்கிழமை காலையில், அந்தத் துக்கம் அவனை விட்டுப் போய்விட்டது. போகும்போது சத்தம் எதுவும் போடவில்லை. தபால் நிலையத்தில் முத்திரை குத்தும் வேலையில் இருந்த அவன், சின்ன வயதிலிருந்தே எதற்கெடுத்தாலும் மூக்கைச் சிந்துகிறவன் என்பதால்தான் கூட்டாளிகள் அவனுக்கு அப்படிப் பெயர் வைத்திருந்தார்கள். அன்றைக்கு அவன் காலையில் இரண்டு தடவை சாப்பிட்டான். கவுண்டருக்கு வந்தவர்களிடம் வெயிலைப் பற்றி நல்லவிதமாகப் பேசினான். சாயங்காலம் ஒத்திகைக்கு விசிலடித்துக்கொண்டே படியேறினான். விசில் கேட்டுக் கதவைத் திறந்த பேஸ் கிட்டார்க்காரி, யாரோ வீடு மாறி வந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள்.

வீடு அவளுடையது. பகலில் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பாள். சாயங்காலம் அவள் வீட்டுக் கூடத்தில் ராக் பேண்ட் கூடும். கிட்டார் வாசிப்பது அவளுடைய சொந்தத் தம்பி. அவன் அக்கா என்று கூப்பிட்டதால் மற்ற இருவருக்கும் அவள் அக்காவாகிவிட்டாள், முகாரி அவளைவிட மூத்தவன் என்றாலும். டிரம்ஸ் வாசிப்பவன் ஒரு டயர் கடையில் வேலை செய்தான். தன் கல்யாணத்துக்கே தாமதமாக வந்து மாமனாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் என்பதால் அவனுக்கு லேட்டு என்று பெயர். எந்தக் கம்பெனியும் அவர்களைச் சீந்தவில்லை. கடைசியில், இரவல் வாங்கிய ஒரு மெஷினை வைத்துக் கூடத்திலேயே முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். அக்காவின் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். அவன்தான் சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மெஷினைப் பார்த்துக்கொண்டான். அந்த மெஷினில் வெட்டி ஒட்டுவது எப்படி என்று யாருக்கும் தெரியாததால், ஒரு தடவை வாசித்ததில் யாரும் கை வைக்கக் கூடாது என்று பேசி வைத்துக்கொண்டார்கள். பின்னால் பேட்டி எடுக்க வந்தவர்களிடம் அதையே கொள்கை என்று சொன்னார்கள்.

அப்போது அக்காவின் மகள் கைக்குழந்தை. பேஸ் கிட்டார் பெட்டியின் உள்ளே மெத்தென்று வெல்வெட் தைத்திருந்ததால், கிட்டார் வெளியே இருக்கும் நேரமெல்லாம் குழந்தை அதற்குள் படுத்திருக்கும். மாதம் முடியாமல் பிறந்த பிள்ளை. எல்லாக் குழந்தையும் முகம் பார்த்துச் சிரிக்கிற வயது வந்தும் அது சிரிக்கவில்லை. அழுகையும் பேருக்குத்தான். கிலுகிலுப்பை ஆட்டினாலும், முகத்தைக் கோணிக் காட்டினாலும், வங்கி அதிகாரி மாதிரி ஏறிட்டுப் பார்க்கும். டாக்டர் அந்தச் சோதனை இந்தச் சோதனை என்று எழுதிக் கொடுத்திருந்தார். கடைசிப் பாட்டைப் பதிவு செய்த அன்று எல்லோரும் வாசித்து முடித்து, அக்காவின் தடித்த தந்தி மட்டும் மெல்ல அதிர்ந்து ஓய்ந்துகொண்டிருந்தபோது, பெட்டிக்குள்ளிருந்து குழந்தை சிரித்தது. பிறந்ததிலிருந்து முதல் தடவை. நாலு பேரும் அசையாமல் நின்றார்கள். மெக்கானிக் மெஷினை நிறுத்த மறந்து வாயைப் பொத்திக்கொண்டான். அதை எடுத்துவிடலாம் என்று அக்கா ஒப்புக்குச் சொன்னாள். கை வைக்கக் கூடாது என்றால் கூடாதுதான் என்று தம்பி சொன்னதும், உள்ளுக்குள் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அன்றிலிருந்து குழந்தை மின்விசிறியைப் பார்த்துச் சிரித்தது, குழாயைப் பார்த்துச் சிரித்தது, லேட்டு வந்து நின்றால் அவன் எதுவும் செய்யாமலேயே சிரித்தது. டாக்டர் எழுதிய சீட்டு எங்கே போனது என்று யாரும் தேடவில்லை.

ஆல்பம் வெளிவந்து கொஞ்ச காலம் அதை ஒரு நாயும் சீண்டவில்லை. பிறகுதான் அந்த வியாழக்கிழமை வந்தது. ஒருவர் எழுதினால் மற்றவர்களுக்கும் எழுத வேண்டும் என்று கை அரிக்கும் அல்லவா, வரிசையாக எழுதினார்கள். மாதப் பத்திரிகை ஒன்று, டிரம்ஸ் அடி ஒவ்வொன்றும் மயிரிழை தாமதித்து விழுவதுதான் இந்த இசையின் உயிர் என்றது. அந்த மாதத்திலிருந்து லேட்டு எல்லா இடத்துக்கும் நேரத்துக்கு வந்து சேர்ந்தான், அடியும் கடிகாரம்போல விழுந்தது. தம்பிக்கு வலது கையில் லேசாக ஒரு நடுக்கம் உண்டு. கிட்டாரில் கேட்கும் நடுக்கம் யாருக்கும் வாய்க்காத ஒன்று என்று ஒரு நாளிதழ் எழுதிய அன்று அந்தக் கை நடுக்கம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவன் வாசித்தது சோப்பு விளம்பரத்துக்கு வாசிப்பதுபோல வழவழவென்று இருந்தது. வேறொருவர் பாட்டையெல்லாம் விட்டுவிட்டு, பதிவு செய்த கூடத்தின் எதிரொலியை மட்டும் ஒரு பக்கத்துக்குப் புகழ்ந்தார். அதன்பின் அந்தக் கூடத்தில் நின்று யாரைக் கூப்பிட்டாலும் குரல் ஈரத்துணி மாதிரி காலடியிலேயே விழுந்தது. சமையலறையில் இருப்பவரைக் கூப்பிட அங்கேயே போக வேண்டியிருந்தது.

இத்தனை விமர்சனங்களிலும் அக்காவைப் பற்றி வந்தது ஒரே ஒரு வரி. ‘பேஸ் கிட்டாரும் இருக்கிறது’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அவள் ஒவ்வொரு பத்திரிகையையும் வாங்கி, தன் பெயருக்காகவே முதலிலிருந்து கடைசிவரை தேடுவாள். தேடவில்லை என்பதுபோல மடித்து வைப்பாள். எரிச்சலாக இருந்தது. பிள்ளையை ஒரு காலால் ஆட்டிக்கொண்டே மூன்று பேரையும் தாங்கி வாசித்தவள் அவள். அதை வெளியே சொன்னால் பொறாமை என்பார்கள் என்று லென்ஸைக் கூடுதலாகத் தேய்த்தாள்.

நடப்பது என்னவென்று கண்டுபிடித்தது மெக்கானிக்தான். பக்கத்து வீட்டில் கண் பட்டுவிட்டது என்றார்கள். கண் பட்டால் காய்ச்சல் வரும், கை வழுக்கும்; இப்படித் தேவையானதை மட்டும் பொறுக்கியெடுத்துக்கொண்டு போகாது என்று அவன் சொன்னான். லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்பதைப் பார்த்து எங்கே கோளாறு என்று சொல்கிற புத்தி அவனுக்கு. ஒரு சாயங்காலம் பத்திரிகைகளைப் படித்துவிட்டு, “அச்சுல எதைப் புகழ்ந்தாங்களோ அதுதான் போயிருக்கு. புகழாதது எல்லாம் அப்படியே இருக்கு. நீ அப்படியேதான் இருக்கே” என்றான். கடைசி வாக்கியத்தை அவன் ஆறுதலாகத்தான் சொன்னான்.

மற்றவர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. துக்கம் திரும்பக் கிடைத்தால் வாங்கிக்கொள்வாயா என்று முகாரியைக் கேட்டதற்கு, எனக்கென்ன பைத்தியமா என்றான். லேட்டுவின் மனைவி விமர்சகருக்கு இனிப்பு வாங்கி அனுப்பினாள். தம்பிக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம், அதுவும் டீக்கோப்பையைச் சிந்தாமல் பிடிக்க முடிந்ததில் தீர்ந்துபோனது. அக்கா மட்டும் கடைசிப் பாட்டை மறுபடி போட்டுக் கேட்டாள். ஆல்பத்தின் முடிவில் அவள் பிள்ளையின் சிரிப்பு இருந்தது. அதைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை. விமர்சகர்களில் பெரும்பாலானோர் எந்த ஆல்பத்தையும் கடைசிவரை கேட்பதில்லை என்பதால் பிள்ளை பிழைத்திருந்தது.

கடைசிவரை கேட்கிறவர் ஒருவர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் எழுதும் முதியவர். எல்லோரும் அவரை நீதிபதி என்றுதான் சொல்வார்கள். ஒரு ஆல்பத்துக்கு ஒரு பத்தி, ஒரு பத்தியில் ஒரே ஒரு விஷயம், அதுதான் அவர் வழக்கம். அவர் பாராட்டி எழுதிவிட்டால் அதற்கப்புறம் அந்த ஆல்பத்தைப் பற்றி வேறு யாரும் எழுத மாட்டார்கள்; தீர்ப்பு வந்த பிறகு சாட்சி சொல்ல யார் வருவார்கள்? விஷயம் தெரிவதற்கு முன்பே தம்பி அவருக்கு ஒரு பிரதி அனுப்பியிருந்தான். ஒரு நாள் அவர் தம்பிக்கு ஃபோன் செய்து, கடைசியில் கேட்கும் சத்தம் என்ன, அதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன் என்றார். தம்பி அக்காவின் கடைக்கு ஓடி வந்தான். அவள் கையிலிருந்த லென்ஸை அப்படியே வைத்துவிட்டு, அரை நாள் விடுப்பு சொல்லிக் கிளம்பினாள்.

நீதிபதியின் வீடு ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருந்தது. வீங்கிய கால்கள் இரண்டையும் வெந்நீர் வாளியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் சரிந்திருந்தது. வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டு வந்தவள், உள்ளே போனதும், “நான்தான் சார் அந்த ஆல்பத்துல பேஸ் வாசிச்சது. அந்தச் சிரிப்பைப் பத்தி எழுதாதீங்க” என்று போட்டு உடைத்துவிட்டாள். பிறகு நடந்ததையெல்லாம் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“நான் புகழ்ந்து எழுதி ஒண்ணு போகும்னா, இந்தக் கால் வீக்கத்தைப் பத்தி என்னிக்கோ எழுதியிருப்பேனேம்மா” என்றார். சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். “இருங்க. போன மாசம் கச்சேரியில உங்க பாடகன் சாவைப் பத்தின பாட்டைப் பல்லைக் காட்டிக்கிட்டுப் பாடினானே, அது இதனாலயா?”

“ஆமா சார்.”

“நான் ஏதோ புது உத்தின்னு நினைச்சேன்.”

அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. சிரிப்பைப் பற்றி எழுதாமல் விட்டுவிடலாம், ஆனால் அவர் எழுதாவிட்டால் அந்த இடம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒருவனுக்குப் போகும் என்றார். அவனும் ஆல்பத்தைக் கடைசிவரை கேட்டிருக்கிறான், கேட்டதிலிருந்து அந்தச் சிரிப்பைத் தவிர வேறு பேச்சே இல்லை. அப்படியானால் நீங்களே திட்டி எழுதிவிடுங்கள் என்று அவள் கெஞ்சினாள். சொந்த ஆல்பத்தைத் திட்டச் சொல்லி வந்து நின்றவளை அவர் தன் அனுபவத்தில் அதுவரை பார்த்ததில்லை.

“திட்டினா நாலு பேரு மறுத்து எழுதுவாங்கம்மா. நான் திட்டினதைத்தான் தூக்கி வெச்சுக் கொண்டாடுவாங்க. பாராட்டினாத்தான் எல்லாரும் வாயை மூடுவாங்க. எதையாவது பாராட்டித்தான் ஆகணும். ஆனா இல்லாததை இருக்குன்னு எழுத எனக்கு வராது.”

“வேற என்ன சார் மிச்சம் இருக்கு அதுல?”

“நீங்க இருக்கீங்களே” என்றார் அவர். “மூணாவது பாட்டுல பாடறவன் வழி தவறி எங்கேயோ போயிடறான். நீங்க அவனைத் துரத்திக்கிட்டுப் போகல, அதட்டல. அவன் திரும்பி வர்ற வரைக்கும் அதே இடத்துல நின்னுக்கிட்டு இருக்கீங்க. அவன் வந்ததும், அவன் எங்கேயும் போகவே இல்லைங்கற மாதிரி நடக்க ஆரம்பிக்கறீங்க. நான் அந்த இடத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்டேன். உங்களை எவனுமே காது கொடுத்துக் கேக்கலையேம்மா.”

அந்த இடத்தில் தான் செய்தது இன்னதென்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. தம்பிக்குத் தெரியாது, புருஷனுக்குத் தெரியாது, முகாரிக்குத் தான் வழி தவறியதே தெரியாது. அவளுக்கு மூச்சு முட்டும் அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்ச நேரம் எதற்காக வந்தோம் என்பதையே மறந்துபோனாள். மறந்தது நினைவுக்கு வந்ததும் வெட்கமாகப் போய்விட்டது.

“அப்ப அதை எழுதுங்க சார்” என்றாள்.

அவர் கால்களை வாளியிலிருந்து எடுத்தார். “போனா திரும்ப வராதும்மா.”

“தெரியும்.”

“வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றீங்களா?”

“வாசிக்கிறது நான்தானே சார்.”

கிளம்பும்போது கண்ணாடி சரிந்திருப்பதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவர் மூக்குக்கண்ணாடியைக் கேட்டு வாங்கி, கைப்பையிலிருந்த சின்னத் திருப்புளியால் திருகாணியை முடுக்கி நேராக்கிக் கொடுத்தாள். அவர் அதைப் போட்டுக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். சுமாராக எழுதினால் போகாமல் இருக்குமோ என்று கேட்டார். சுமாராக எழுதினால் மற்றவர்கள் வாயை மூட மாட்டார்கள், நன்றாகவே எழுதுங்கள் என்று அவள் சொன்னாள்.

சனிக்கிழமை மத்தியானம் புருஷனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் ஒழுகாத குழாய் ஒன்றைப் பழுது பார்க்கப் போய்விட்டான். அவள் பெட்டியைத் திறந்து பேஸ் கிட்டாரை எடுத்தாள். காலியான பெட்டிக்குள் மகள் வழக்கம்போல ஏறிப் படுத்தாள். வளர்ந்துவிட்டதால் கால்கள் வெளியே தொங்கின. முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை, பாடுகிறவன் இல்லாமல், டிரம்ஸ் இல்லாமல், தன் பங்கை மட்டும் ஒரு தடவை வாசித்தாள். பாடாத பாடகன் வழி தவறும் இடத்தில் அவனுக்காக நின்று காத்திருந்துவிட்டுத்தான் மேலே போனாள். குழாயடியிலிருந்து மெக்கானிக், பதிவு செய்யட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பேப்பர் கடையில் நின்றபடியே படித்தாள். நீதிபதி சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார். ‘இந்த ஆல்பத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருக்கிறாள். மற்றவர்கள் போகிறார்கள், வருகிறார்கள், தொலைகிறார்கள். அவள் நிற்கிற இடம்தான் அவர்களுக்கு வீடு. இத்தனை வருஷம் இசை கேட்டதில் இப்படி ஒருவர் நிற்பதை நான் கேட்டதில்லை’ என்று தொடங்கி, பத்தி முழுக்க அவளைப் பற்றியே எழுதியிருந்தார். பாதி படிக்கும்போதே, சோப்பு நுரையில் மோதிரம் கழன்று போவதுபோல, விரல்களிலிருந்து ஏதோ வழுக்கிப் போனது தெரிந்தது. படிப்பதை அவள் நிறுத்தவில்லை. முடித்துவிட்டு இன்னொரு தடவை படித்தாள், அவ்வளவு நன்றாக இருந்தது. கடைக்காரர் இன்னொரு பிரதி வேண்டுமா என்று கேட்டார், வாங்கிக்கொண்டாள். வழியில் அழுகை வந்தது. அழுதுகொண்டு நடக்கும்போதும் உள்ளே பெருமையாக இருந்தது, அந்தப் பெருமையை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கிட்டாரை மடியில் வைத்துப் பார்த்தாள். தந்திகளின் பெயர் தெரிந்தது, எந்தக் கட்டையில் என்ன சுரம் என்றும் தெரிந்தது. விரல்கள் மட்டும் முதல் தடவை விருந்துக்கு வந்தவர்கள்போல எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றன. அப்போது எதிரொலி போன அந்தக் கூடத்தில் மகள் கீழே விழுந்த டம்ளரைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பு அதிக தூரம் போகவில்லை என்றாலும் முழுசாக இருந்தது. சமையலறையிலிருந்து மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

எதிர்பார்த்ததுபோலவே அதற்குப் பிறகு அந்த ஆல்பத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. புதுப் பையன் வேறொரு பேண்டைப் பிடித்துக்கொண்டான். அடுத்த ஆல்பத்துக்குச் சம்பளத்துக்கு ஒரு ஆளை பேஸ் வாசிக்க வைத்தார்கள். உற்சாகமான குரல், தவறாத தாளம், வழவழப்பான கிட்டார் என்று அது எல்லா ஓட்டல்களிலும் லிஃப்டுகளிலும் ஒலித்து நன்றாக விற்றது. ஒரு விமர்சனமும் வரவில்லை, அதனால் எதுவும் குறையவில்லை. முகாரி தபால் நிலையத்தில் பதவி உயர்வு பெற்றான். நீதிபதி, சரியாகப் பொருந்திய மூக்குக்கண்ணாடியோடு இன்னும் சில வருஷம் எழுதினார். அவர் எழுதியதில் அந்தப் பத்திதான் சிறந்தது என்று அவருடைய இரங்கல் கூட்டத்தில் பேசினார்கள். புகழப்பட்டவை எங்கே போயின என்பதும் நாளாக நாளாகத் தெரிய வந்தது. ஆல்பத்தை வாங்கியவர்கள் வீடுகளுக்குத்தான் போயிருந்தன. எங்கோ ஒரு ஊரில் சீட்டாடிக்கொண்டே பொழுதைக் கழித்த இன்ஷூரன்ஸ் அதிகாரி ஒருவர், காரணமில்லாமல் சன்னலோரம் உட்கார்ந்து கண்ணீர் விடத் தொடங்கினார். ஒரு தடவை, மகனுக்குக் கண்ணாடி வாங்க வந்த பெண் ஒருத்தி, காத்திருந்த நேரத்தில் கடை மேசையில் விரலால் தட்டினாள். அந்த மூன்றாவது பாட்டு, காத்து நிற்கிற அந்த இடம். எந்த வாத்தியமும் கற்றதில்லை, கொஞ்ச வருஷமாகக் கை தானாக இப்படித் தட்டுகிறது என்று அவள் சொன்னாள். அக்கா பிரேமைத் துடைக்க வேண்டியதைவிட அதிக நேரம் துடைத்து, அவள் தட்டி முடித்த பிறகு கொடுத்தாள்.

மகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து நாலாவதோ ஐந்தாவதோ படிக்கும்போது அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். வகுப்பு டீச்சர் கண்டிப்பானவர். பிள்ளை தேர்வு நடக்கும்போது சிரிக்கிறாள், மேலதிகாரி பார்வையிட வந்தபோது சிரித்தாள், ஒருத்தி ஆரம்பித்தால் வகுப்பே சிரிக்கிறது என்று அடுக்கினார். “ஏன் சிரிக்கிறேன்னு கேட்டா அதுக்கும் சிரிக்கறாங்க” என்றார். அக்கா கைகளைக் கட்டிக்கொண்டு, “ஆமாங்க டீச்சர்” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு நிறைந்த முகத்தோடு புகார் கேட்கிற பெற்றோரை டீச்சர் பார்த்ததில்லை. அவருக்கே மனம் இளகிவிட்டது.

“குறை சொல்லத்தான் கூப்பிட்டேன். ஆனா ஒண்ணு சொல்லணும், உங்க பொண்ணோட சிரிப்பு இருக்கே—”

“வேண்டாம் டீச்சர்” என்று அக்கா பதறிக் கை நீட்டித் தடுத்தாள். வாயால் சொன்னால் ஒன்றும் ஆகாது, அச்சில் வந்தால்தான் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும் பள்ளிக்கூடத்துக்கு ஆண்டு மலர் என்று ஒன்று உண்டு. “குறையை மட்டும் சொல்லுங்க.”

வராந்தாவின் கோடியில், கூட்டமாக ஓடிவரும் கால்களுக்கு நடுவிலிருந்து அந்தச் சிரிப்பு கேட்டது. அது ஓயும்வரை இரண்டு பேரும் காத்திருந்தார்கள். பிறகு டீச்சர் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு, கணக்கு வகுப்பில் நடந்ததைச் சொல்லத் தொடங்கினார்.